சூடு ஏறிய பிறகு

பெற்றவர்கள் வைத்த பெயர் அவருக்கு அடையாள அட்டையில் மட்டும்தான் இருந்தது. தெருவுக்கு அவர் ஊசி. கார்களின் மின்சாரக் கோளாறு பார்க்கிறவர். ஒயரின் தோலை உரிக்காமல், இணைப்பையும் கழற்றாமல், அதன் முதுகுப்பக்கமாக ஒரு தையல் ஊசியை நுழைத்து, அந்த ஊசியில் மீட்டரைத் தொட்டு எத்தனை வோல்ட் வருகிறது என்று பார்ப்பார். அந்த ஊசிகள் எல்லாம் மனைவியின் டப்பாவிலிருந்து போனவை. அவள் பள்ளிச் சீருடை தைக்கிறவள். "என் ஊசியெல்லாம் எந்தெந்தக் காருக்குள்ள ஊர் சுத்துதோ" என்று வாரம் ஒரு தடவையாவது புலம்புவாள்.

டயர்க் கடைக்கும் கண்ணாடிக் கடைக்கும் நடுவே, ஒன்றரைக் கார் அகலத்துக்கு அவருடைய கடை இருந்தது. இருபத்தாறு வருஷமாக அதே இடம். மற்ற பட்டறைகளில் அதை மாற்றி, இதை மாற்றி, கடைசியில் கையை விரித்த வண்டிகள்தான் பெரும்பாலும் அவரிடம் வரும். "கடையில வாங்கி வண்டியில மாட்டுறதுக்கு மெக்கானிக் எதுக்கு, தபால்காரர் போதாதா?" என்பார். கண்டுபிடித்துவிட்டுத்தான் மாற்ற வேண்டும் என்பது அவர் கொள்கை. அந்தப் பெருமை அவருக்கு உண்டு. கொஞ்சம் கூடுதலாகவே உண்டு.

ஐந்து வண்டிகள் வரிசையில் நின்ற ஒரு புதன்கிழமை காலையில் சர்வேயர் வந்தார். முப்பத்துநாலு வருஷம் நிலம் அளந்து ஓய்வு பெற்றவர், எழுபத்தொரு வயது. சட்டைப் பையில் எப்போதும் ஒரு சின்ன நோட்டும் கூராகச் சீவிய பென்சிலும் இருக்கும். அவருடைய காருக்கு வயது பத்தொன்பது. வாரத்துக்கு மூன்று நாள் மனைவியை அதில்தான் ஆஸ்பத்திரிக்கு டயாலிசிஸுக்கு அழைத்துப் போய்க்கொண்டிருந்தார். அன்றைக்கும் அந்த அம்மா முன்சீட்டில், மடியில் ஒரு தலையணையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"ஓடிக்கிட்டே இருக்கும்போது வண்டி ஒரு நொடி செத்துடுது தம்பி," என்றார் சர்வேயர். "அணைஞ்சு போகல. செத்துட்டு உடனே பொழைக்குது. ஆக்சிலரேட்டர் மேல என் கால் இருக்கு. ஆனா நான் காலை எடுத்துட்டேன்னு வண்டி நெனச்சுக்குது."

ஒரு கோளாறை இதைவிடச் சரியாக எந்தப் பொறியாளராலும் சொல்ல முடியாது. பின்னாளில் ஊசி இதை எத்தனையோ தடவை நினைத்துப் பார்த்தார்.

சர்வேயர் நோட்டைத் திறந்து நீட்டினார். "எப்பெப்போ வந்துச்சுன்னு குறிச்சு வெச்சிருக்கேன்."

"இருக்கட்டும் சார். வண்டியே சொல்லிடும்," என்றார் ஊசி.

வரிசையில் முன்னால் நின்ற வண்டியை முடித்துவிட்டு இதைத் தொடுவதற்கு ஒன்றரை மணி நேரம் ஆனது. முதல் வேலையாக பேட்டரியின் கேபிளைக் கழற்றி, பூத்திருந்த பச்சைக் களிம்பைச் சுரண்டி மறுபடி மாட்டினார். இன்ஜினின் மூளையான சின்னக் கம்ப்யூட்டர் தனக்குத் தெரிந்த கோளாறுகளைக் குறித்து வைத்திருக்கும். கேபிளைக் கழற்றினால் அந்தக் குறிப்பு அழிந்துவிடும். அவருக்குத் தெரியாத விஷயம் இல்லை. பழக்க தோஷத்தில் கை முந்திக்கொண்டது.

ஆக்சிலரேட்டரை எவ்வளவு மிதித்திருக்கிறோம் என்று அந்த மூளைக்குச் சொல்ல ஒரு சென்சார் இருக்கிறது. திராட்டில் சென்சார் என்பார்கள். உள்ளே வளைவாக ஒரு கரித் தடம், அதன்மேல் உரசிக்கொண்டு நகரும் ஒரு சின்ன உலோக விரல், அவ்வளவுதான். பழைய ரேடியோவில் சத்தத்தைக் கூட்டும் திருகுக்குள் இருப்பதும் இதேதான். அந்தத் திருகு தேய்ந்துபோனால் ஒரு குறிப்பிட்ட இடத்தில் மட்டும் கரகரவென்று பாட்டு விட்டுப்போகுமே, இதுவும் அப்படித் தேயக்கூடியது.

ஊசி அதன் ஒயரில் ஊசியைச் செருகினார். மிதிக்காதபோது அரை வோல்ட். முழுக்க மிதித்தால் நாலரை வோல்ட். ஆரம்பமும் முடிவும் சரி. நடுவில் மெல்ல மெல்ல மிதித்துப் பார்க்க அவர் நிற்கவில்லை. இரண்டு தெரு சுற்றி ஓட்டிப் பார்த்தார். வண்டி வெண்ணெய் மாதிரி ஓடியது. இன்ஜின் அதற்குள் நன்றாக ஆறிப்போயிருந்தது.

இறங்கிக் கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார்: "வண்டிக்கு ஒண்ணுமில்ல சார். உங்க காலுக்குத்தான் சர்வீஸ் பண்ணணும்."

டயர்க் கடைக்காரர் வயிறு குலுங்கச் சிரித்தார். "நல்லாச் சொல்லுங்க, நான் சொன்னா எங்க கேக்குறாரு" என்று முன்சீட்டிலிருந்து அந்த அம்மாவும் சிரித்தார். சர்வேயரும் சிரித்துவிட்டு நோட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

இருபத்துமூன்றாவது நாள் அது நடந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகும் சாலை பெரிய சாலையைக் கடக்கும் இடத்தில் சிக்னல் கிடையாது. இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு சர்வேயர் இரண்டாவது கியரில் வண்டியை விட்டார். பாதி தூரத்தில் வண்டி நின்றுபோனது போல ஆனது. ஜல்லி ஏற்றிக்கொண்டு வந்த லாரிக்காரர் பிரேக்கை மிதித்த தடம் முப்பது அடி நீளத்துக்கு ரோட்டில் இருந்தது. அப்படியும் லாரி நிற்கவில்லை. அந்த அம்மா உட்கார்ந்திருந்த பக்கமாகவே வந்து இடித்தது. சர்வேயருக்குத் தோள் எலும்பு முறிந்தது. அந்த அம்மா அங்கேயே போய்விட்டார்.

செய்தியைக் கொண்டுவந்தவர் டயர்க் கடைக்காரர்தான். இந்தத் தடவை அவர் முகத்தில் சிரிப்பு இல்லை. "நம்ம சர்வேயர் வண்டிப்பா," என்றார். ஊசி கையிலிருந்த ஒயரைக் கீழே வைத்துவிட்டு சும்மா நின்றார். வருத்தமாக இருந்தது. தன் மேல் சந்தேகம் மட்டும் வரவில்லை. அரசாங்கத்து வாகன ஆய்வாளரும் பிரேக் சரி, ஸ்டியரிங் சரி, டயர் சரி என்று பார்த்துவிட்டு, வண்டியில் கோளாறு இல்லை என்று எழுதிக் கொடுத்திருந்தார். மிச்சம் இருந்தது ஓட்டியவரின் கவனக்குறைவு. சர்வேயர் மேல் வழக்குப் பதிவானது.

ஒரு மாதம் கழித்து சர்வேயரின் மகள் கடைக்கு வந்தாள். மருந்துக் கடை வைத்திருப்பவள், நாற்பது வயதிருக்கும். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை.

"அப்பா ராத்திரி பகலா ஒண்ணையே சொல்லிட்டு இருக்காரு அண்ணே. 'நான் மிதிச்சேன், வண்டி செத்துடுச்சு'ன்னு. ஆய்வாளர் ஒண்ணுமில்லைன்னு எழுதிட்டாரு. நீங்களும் பாத்துட்டு ஒண்ணுமில்லைன்னு சொன்னீங்களாம். இன்னொரு தடவை வந்து பாத்துட்டு, வண்டி நல்லாத்தான் இருந்துச்சுன்னு அவர்கிட்ட சொல்லிடுங்க. நீங்க சொன்னா நம்புவாரு. அவருக்கும் அதுல இருந்து வெளிய வரணும். எனக்கும்..." அவள் கொஞ்சம் நிறுத்தினாள். "எனக்கும் யார் மேல கோவப்படுறதுன்னு தெரிஞ்சாகணும்."

பிறகு கைப்பையிலிருந்து அந்தச் சின்ன நோட்டை எடுத்தாள். "இதை உங்ககிட்டக் காட்டச் சொன்னாரு. அன்னைக்கு நீங்க பாக்கலையாம்."

அவள் போன பிறகு ஊசி அதைத் திறந்தார். பென்சிலில் குண்டூசித் தலை அளவு எழுத்து. தேதி, எந்த கியர், ஏற்றமா சமதரையா, வீட்டை விட்டுக் கிளம்பி எத்தனை நிமிஷம். பதினோரு பதிவுகள். ஒன்றுகூட இருபத்தைந்து நிமிஷத்துக்குக் குறைவாக இல்லை. எல்லாமே இரண்டாவது அல்லது மூன்றாவது கியர், எல்லாவற்றிலும் "லேசான மிதி." கடைசியில் ஸ்கேல் வைத்து அடிக்கோடு போட்டு எழுதியிருந்தது: சூடு ஏறிய பிறகுதான்.

ஊசி அந்த அடிக்கோட்டை இரண்டு தடவை படித்தார். இந்த ஒரு பக்கத்தை அன்றைக்குப் படித்திருந்தால் இன்ஜினைச் சூடாக்கிவிட்டுத்தான் மீட்டரையே எடுத்திருப்பார்.

மறுநாள் மதியம் போலீஸ் நிலையத்துக்குப் பின்னால் இருந்த மைதானத்துக்குப் போனார். பிடிபட்ட வண்டிகளும் அடிபட்ட வண்டிகளும் அங்கேதான் கிடந்தன. மகள் அனுமதிக் கடிதத்தோடும் சாவியோடும் முன்பே வந்து நின்றிருந்தாள். காரின் ஒரு பக்கம் காகிதத்தைக் கசக்கினாற்போல உள்ளே போயிருந்தது. தலையணை இன்னும் உள்ளேயே கிடந்தது. இன்ஜின் இருந்த முன்பக்கத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. பேட்டரியை மட்டும் யாரோ கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள்.

தன் கடை பேட்டரியை மாட்டினார். எண் காட்டும் மீட்டரை விட்டுவிட்டு முள் மீட்டரைக் கொண்டுவந்திருந்தார். கண் சிமிட்டும் நேரத்தில் வந்துபோகும் கோளாறை எண் மீட்டர் சில சமயம் கோட்டை விட்டுவிடும், முள் விடாது. சாவியைத் திருப்பி, ஊசியைச் செருகி, ஆக்சிலரேட்டரை மிதித்தால் திறந்து இன்ஜினுக்குக் காற்று விடும் சின்னக் கதவை விரலால் மெல்ல மெல்லத் திறந்தார். முள் அரையில் இருந்து நாலரை வரை ஒரே சீராக ஏறியது. இறங்கும்போதும் அப்படியே இறங்கியது. மூன்று தடவை பார்த்தார். ஒரு தடங்கலும் இல்லை.

அப்பாடா என்று இருந்தது. மகள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அத்தோடு மூட்டை கட்டியிருக்கலாம். ஆனால் மனைவியின் வெந்நீர்ப் பையைத் தோள் பையில் கொண்டுவந்திருந்தார். எதிரில் இருந்த டீக்கடையில் கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் வாங்கி அதில் நிரப்பி, சென்சாரின் மேல் அழுத்திப் பிடித்துக்கொண்டு கால் மணி நேரம் நின்றார். பிறகு மறுபடி திறந்தார். அரை. முக்கால். ஒன்று. ஒன்றைத் தாண்டி மயிரிழை நகர்ந்ததும் முள் சட்டென்று பூஜ்யத்தில் விழுந்தது. இன்னும் ஒரு மயிரிழை நகர்த்தினார், எழுந்து ஒன்றே காலுக்குப் போனது. திரும்பக் கொண்டுவந்தார். அதே இடத்தில் விழுந்தது. எத்தனை தடவை செய்தாலும் அதே இடம். லேசாக மிதித்தால் கால் வந்து நிற்கும் இடம். அந்த இடத்தில், காலை எடுத்துவிட்டார்கள் என்றுதான் இன்ஜினுக்குச் செய்தி போகும். உடனே அது எரிபொருளை நிறுத்திவிடும்.

"என்னண்ணே?" என்றாள் மகள். "ஒண்ணுமில்லதானே?"

"ஒண்ணுமில்லம்மா."

பொய் சொல்ல வேண்டும் என்று நினைத்துச் சொன்னதல்ல. நாக்கு தானாகப் புரண்டது. அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். பிறகு, "ரொம்ப நன்றிண்ணே. இந்த வெயில்ல அலைய விட்டுட்டேன்," என்றாள்.

நாலு நாள் ஊசி கடையைத் திறந்தார், மூடினார், திறந்தார். நாலாவது நாள் மத்தியானம் தட்டில் வைத்த சாப்பாடு அப்படியே காய்வதைப் பார்த்துவிட்டு மனைவி தையல் மெஷினை நிறுத்தினாள்.

"என்னங்க, உடம்புக்கு என்ன?"

எல்லாவற்றையும் சொன்னார்.

"வேணும்னா செஞ்சீங்க?"

"இல்ல."

"அன்னைக்கு எத்தனை வண்டி நின்னுச்சு?"

"அஞ்சு."

"அப்போ விடுங்க. வெளிய சொன்னா அந்த அம்மா எழுந்து வரப்போறாங்களா? நாளைக்கு உங்களை நம்பி யாரு வண்டி விடுவா?"

அவள் மறுபடி மெஷினை மிதித்தாள். ஒரு காலர் முடிவதற்குள் நிறுத்திவிட்டாள். "அந்தப் பெரியவர் இப்போ என்ன செய்றாரு?"

"தெரியல."

"போய்ப் பாத்துட்டு வாங்க. சொல்லுங்கன்னு சொல்லல. பாத்துட்டு மட்டும் வாங்க."

மறுநாள் காலை போனார். மகள்தான் கதவைத் திறந்தாள். முகத்தில் முதல் தடவையாகக் கொஞ்சம் தெளிவு தெரிந்தது. "நீங்க சொன்னதை அன்னைக்கே அப்பாகிட்ட சொல்லிட்டேன். அதுக்கப்புறம் அந்தப் பேச்சையே விட்டுட்டாரு. நேத்து வக்கீலைக் கூப்பிட்டு, தப்பு என் மேலதான்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துட்டாரு. அடுத்த வாரம் கோர்ட்ல கொடுக்கணும்."

சர்வேயர் உள்ளறையில் ஜன்னலோரம் ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். தோளில் கட்டு இன்னும் அவிழ்க்கவில்லை. வந்தவரை அவர் கவனிக்கவில்லை. குனிந்து தன் வலது காலையே பார்த்துக்கொண்டிருந்தார். பாதத்தை மெல்லத் தரையில் அழுத்தினார். தூக்கினார். மறுபடி அழுத்தினார்.

ஊசி அதைப் பார்த்துக்கொண்டு வாசற்படியிலேயே நின்றார். பிறகு, "சார், நான் பொய் சொல்லிட்டேன்," என்றார்.

நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். பேட்டரி கேபிள், பார்க்காத நோட்டு, ஆறிப்போன இன்ஜின், வெந்நீர்ப் பை, பூஜ்யத்தில் விழுந்த முள்.

மகள்தான் முதலில் பேசினாள். குரல் உயரவில்லை. "நீங்க அன்னைக்குச் சொன்ன காலுக்கு சர்வீஸ்ங்கிற கதையை அம்மா வீட்டுக்கு வந்து ரெண்டு நாள் சொல்லிச் சொல்லிச் சிரிச்சாங்க. போன்ல எனக்கும் சொன்னாங்க. நானும் சிரிச்சேன்." மூச்சு வாங்கியது. "அம்மாவைக் கொன்னுட்டீங்கன்னு அப்பா மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டேன். மைதானத்துல இருந்து நேரா வந்து அதைத்தான் சொன்னேன். இப்போ அதை நான் எங்க கொண்டுபோய் வைக்கிறது?"

அவள் வாசல் பக்கம் கையைக் காட்டினாள்.

"வெளிய போங்க."

சர்வேயர் தலையை நிமிர்த்தினார். "இரும்மா." ஊசியைப் பார்த்து, "எந்த இடத்துல விழுது?" என்று கேட்டார்.

"ஒரு வோல்ட்டைத் தாண்டினதும் சார். கால்வாசி மிதிக்குக் கீழ."

"ரெண்டாவது கியர்ல கெளம்புற மிதி."

"ஆமா சார்."

"நோட்டுல எழுதியிருந்தேன்."

"எழுதியிருந்தீங்க சார். நான் பாக்கல."

சர்வேயர் தலையை ஆட்டிவிட்டு மறுபடி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் காலை அதற்குப் பிறகு அழுத்தவில்லை.

சர்வேயர் எழுதிக் கொடுத்த காகிதம் வக்கீலின் மேஜையைத் தாண்டாததால் திரும்ப வாங்க முடிந்தது. நீதிமன்றம் வேறொரு பொறியாளரை அனுப்பியது. அவரும் அதே போலச் சூடாக்கிப் பார்த்தார், முள் அதே இடத்தில் விழுந்தது. ஊசி சாட்சிக் கூண்டில் ஏறினார். அரசு வக்கீல் கேட்டார், "நீங்களே பாத்து ஒண்ணுமில்லைன்னு சொல்லியிருக்கீங்க. அப்போ உங்களுக்குத் தொழில் தெரியாது, அப்படித்தானே?"

"தெரியுமுங்க. அன்னைக்குச் செய்யல."

வழக்கிலிருந்து சர்வேயரை விடுவித்தார்கள். தீர்ப்பு இரண்டு பக்கம்தான் இருந்தது. ஊசி மேல் நடவடிக்கை ஏதும் அதில் இல்லை. இருந்தால் தேவலை என்று அவருக்குத் தோன்றியது. செய்தி தெருவுக்கு வந்து சேர எத்தனை நேரம் ஆகும்? வழக்கமாக வந்தவர்களில் பாதிப் பேர் வேறு பட்டறைக்குப் போய்விட்டார்கள். "உண்மையைச் சொல்ல வேண்டியதுதான்பா, அதுக்காகக் கூரை மேல ஏறி நின்னா சொல்லணும்?" என்றார் டயர்க் கடைக்காரர். அதைச் சொல்லிவிட்டு அவரே, அன்றைக்குத் தானும் சிரித்ததை நினைத்துக்கொண்டாரோ என்னவோ, எழுந்து தன் கடைக்குள் போய்விட்டார். மகள் ஊசியிடம் அதற்குப் பிறகு ஒரு வார்த்தை பேசவில்லை. ஊசியின் மனைவி மருந்து வாங்கப் போனால் பொட்டலத்தை மேஜையில் வைத்துவிட்டு வேறு பக்கம் பார்ப்பாள்.

தீர்ப்பு வந்து ஆறு மாதம் இருக்கும். ஒரு காலை சர்வேயர் கடைக்கு நடந்து வந்தார். உடம்பு பாதியாகியிருந்தது. ஒரு கை தோளுக்கு மேல் எழவில்லை. நீதிமன்ற முத்திரை ஒட்டிய ஒரு காகித உறையை மேஜைமேல் வைத்தார். உள்ளே சென்சார் இருந்தது.

"சாட்சிப் பொருளைத் திருப்பிக் கொடுத்துட்டாங்க. இதைத் திறந்து காட்டு தம்பி."

"எதுக்கு சார் இப்போ..."

"திற."

திறக்கும்படியாகச் செய்த பொருள் இல்லை அது. ஊசி ரம்பத் தகட்டால் ஓரத்தை அறுத்துப் பிளந்தார். கறுப்புத் தடம் பிறை போல வளைந்து கிடந்தது. விளக்கை இழுத்து வைத்து பூதக்கண்ணாடியைக் கொடுத்தார். தடத்தின் ஆரம்பத்திலிருந்து கொஞ்சம் தள்ளி, கரி முழுக்கத் தேய்ந்து அடியிலிருந்த வெள்ளை ஒரு கீறலாகத் தெரிந்தது.

"இதுவா?"

"இதுதான் சார்."

"எவ்வளவு இருக்கும்?"

ஊசி எஃகு ஸ்கேலைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "அரை மில்லிமீட்டர் சார்."

சர்வேயர் ஸ்கேலை வாங்கித் தானே வைத்துப் பார்த்தார். ஒரு கண்ணை மூடிக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். "அதைவிடக் கொஞ்சம் கம்மி," என்றார்.

கண்ணாடியைக் கீழே வைத்துவிட்டு முக்காலியில் உட்கார்ந்தார். "நீ பாக்கலைன்னு எல்லாரும் சொல்றாங்க. நான் பாத்தேனே. பதினோரு தடவை பாத்தேன். பென்சிலைச் சீவிச் சீவி எழுதினேன். அதுக்கப்புறமும் அவளை அதே சீட்டுல ஏத்தி, தலையணையை மடியில வெச்சுவிட்டு, கூட்டிட்டுப் போனேன்."

"ஒண்ணுமில்லைன்னு நான்தானே சார் சொன்னேன்."

"நீ சொன்னே. ஆனா எனக்குத் தெரியும்ல?"

தெருவில் யாரோ ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தார்கள். இரண்டு பேரும் அந்தத் துண்டையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். தன் பழியில் பாதியை அவர் எடுத்துக்கொண்டதால் தனக்கு ஒரு குண்டுமணி அளவும் குறையவில்லை என்பது மட்டும் அப்போது ஊசிக்குப் புரிந்தது. அவருக்கும் குறைந்திருக்காது.

சர்வேயர் மேஜையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"கார்ல கொண்டுபோய் விடட்டுமா சார்?" என்று கேட்டுவிட்டு ஊசி உதட்டைக் கடித்துக்கொண்டார்.

"வேண்டாம்பா. பஸ்ல போயிடுவேன்."

கடையைத் திறந்தபடியே விட்டுவிட்டு ஊசி அவர் பின்னாலேயே நடந்தார். நிறுத்தத்தில் உட்கார இடம் இல்லை. பஸ் வர இருபது நிமிஷம் ஆனது. அதுவரை இரண்டு பேரும் வெயிலில் நின்றார்கள். பஸ் வந்ததும் எழாத அந்தக் கையை ஊசி தாங்கிப் பிடித்து ஏற்றிவிட்டார். சர்வேயர் உள்ளே போய், இடம் காலியாக இருந்தும் உட்காராமல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றது கண்ணாடி வழியாகத் தெரிந்தது.